மின்மினிப் படத்தைப் பார்த்துக் கேமரா வாங்கக் கிளம்பும் முன்

2020-ல் ஒரு படம் எல்லார் கைபேசியிலும் சுற்றியது. நட்சத்திர வானத்தின் கீழே ஒரு மரம், மரம் முழுக்க மின்மினிகள். எடுத்தவர் ஐஸ்வர்யா ஸ்ரீதர், மும்பையை அடுத்த பன்வேலில் வளர்ந்தவர், அப்போது வயது 23. எடுத்த இடம் மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பண்டார்தரா. அந்தப் படத்துக்குப் பிறகு என்னிடம் வந்த தம்பி தங்கைகள் பலரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, எந்த லென்ஸ் வாங்கலாம்?"

லென்ஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வெற்றியையே பலர் தப்பாகப் படிக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவுயிர்ப் புகைப்படப் போட்டியில், முதுகெலும்பில்லா உயிர்களுக்கான பிரிவில் அவருக்குக் கிடைத்தது உயர் பாராட்டு. அந்த வருஷத்தின் முதல் பரிசு, மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் சைபீரியப் பெண்புலியைப் படமெடுத்த ரஷ்யர் செர்கேய் கோர்ஷ்கோவுக்குப் போனது. இதைச் சொல்வது ஐஸ்வர்யாவைக் குறைக்க அல்ல. உலகம் முழுவதிலிருந்தும் பல்லாயிரம் படங்கள் குவியும் போட்டி அது. ஆனால் அவர் 2011-லேயே சிறுவர்களுக்கான இயற்கையாளர் விருது வாங்கியவர். ஒரே ராத்திரியில் வந்த புகழ் என்று நினைப்பவர்கள் இடையில் போன ஒன்பது வருஷத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மின்மினிக் காட்டுக்குள் டார்ச்சோடு போவது. ஆண் மின்மினியின் வெளிச்சம் பெண்ணுக்கு விடும் தூது. பெண்ணும் வெளிச்சத்தாலேயே பதில் சொல்லும். நடுவில் கைபேசி விளக்கும் காரின் ஹெட்லைட்டும் புகுந்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும். அவை வளர்ந்த பூச்சியாக வாழ்வதே சில வாரங்கள்தான், அதில் ஒரு ராத்திரி போனால் போனதுதான். இன்னொரு விஷயம், முட்டையும் புழுவும் தரையில், ஈரமண்ணில் இருக்கும். நல்ல கோணம் தேடிப் புல்லை மிதித்து நடந்தால் அடுத்த வருஷத்து மின்மினிகளின் மேல்தான் நடக்கிறோம். மின்மினிப் படத்துக்கு ப்ளாஷ் தேவையே இல்லை. முக்காலியில் கேமராவை வைத்து, ஷட்டரைப் பல விநாடிகள் திறந்துவிட்டு, எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதுதான் வழக்கமான முறை. இருட்டும்முன் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டால் ஒரு விளக்கும் போட வேண்டாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உலாந்தி வனச்சரகத்து மின்மினிகளும் 2022-லிருந்து பிரபலமாகிவிட்டன. காப்பகத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்த டிரைவர் கூட்டிப்போவார் என்பது அனுமதி ஆகாது.

கூட்டைப் படமெடுப்பதைப் பற்றி எழுத எனக்கே கூச்சம்தான். கேமரா வாங்கிய புதிதில் எங்கள் வீட்டு முருங்கையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. முன்னால் தொங்கிய இலைக்கொத்து படத்தை மறைக்கிறதென்று நூலால் இழுத்துக் கட்டினேன். அருமையான படம் கிடைத்தது. மறுநாள் காலையில் குஞ்சுகளைக் காகம் கொண்டுபோயிருந்தது. அந்த இலைக்கொத்துதான் கூட்டுக்குக் கதவு என்று அப்போதுதான் உறைத்தது. வெகுநாள் கழித்துத்தான் சட்டமும் தெரிந்தது: 1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரன் நான்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதும் இதே ஜாதிதான். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்து அது ஓடிவருகிறது. நாம் பத்துப் படம் எடுக்கும் நேரத்தில் அது இரை தேடியிருக்கும். வால்பாறையில் புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்குகளுக்கு பிஸ்கட்டைக் காட்டிப் படமெடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மரத்திலேயே வாழ்கிற குரங்கு பிஸ்கட்டுக்காக ரோட்டில் இறங்கினால் அதன் முடிவு வண்டிச் சக்கரத்தில் இருக்கலாம்.

படத்தில் பொய் சொன்னால் எப்படியும் ஒருநாள் தெரிந்துவிடும். அதே லண்டன் போட்டியில் 2009-ல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தில் இருந்தது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்கும் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைப் பறித்தார்கள். 2017-ல் ஒரு பிரிவில் வென்ற படத்தில் இருந்தது பாடம் செய்து வைத்த எறும்புத்தின்னியாகவே இருக்க வேண்டும் என்று மறுவருஷம் அதையும் நீக்கினார்கள். எடுத்தவர்கள் மறுத்தும் பரிசு திரும்பவில்லை. கூண்டு விலங்கென்றால் கூண்டு விலங்கு என்றே தலைப்பில் போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், அரிய ஆந்தையோ ஆர்க்கிடோ கண்ணில் பட்டால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள், கைபேசிப் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் ஜிபிஎஸ் குறிப்பையும் அழித்துவிடுங்கள். பார்த்த உயிர்களைப் படத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழியும் நிலையிலுள்ள உயிர்களின் இடத்தைத் தானாக மங்கலாக்கித்தான் காட்டுகிறது.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, புலி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஐஸ்வர்யாவும் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில் மாயா என்ற பெண்புலியைப் பல வருஷம் பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுத்தவர்தான். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது, யாரும் சஃபாரி போகாத பாஞ்சே என்ற சதுப்பு நிலத்தில் அவர் செலவழித்த காலம். நவி மும்பைக்கு அந்தப் பக்கம், உரணில், துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறது அது. கடல் ஓதம் ஏறி இறங்கினால்தான் அங்கே வலசைப் பறவைகளுக்கு இரை. தண்ணீர் வரும் வழியை அடைத்தால் நிலம் காயும், காய்ந்த நிலத்தைக் கட்டடம் கட்டக் கேட்பது சுலபம். அந்த இடத்தைப் பற்றி அவர் எடுத்த படம் தூர்தர்ஷனில் ஓடியது.

சரி, லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய 300 மி.மீ. ஒன்று போதும். அதை எடுத்துக்கொண்டு கர்நாடகத்தின் கபினிக் காட்டுக்குப் போக வேண்டாம், உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். கோயம்புத்தூர்க்காரர் என்றால் சிங்காநல்லூர்க் குளம். மாதம் ஒருமுறை, ஒரே கரையில் நின்று, ஒரே திசையில் ஒரு படம். என்ன பறவை, எத்தனை, தண்ணீர் எதுவரை என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். என்றைக்காவது யாராவது லாரியில் மண் கொண்டுவந்து கொட்டி, "இங்கே எப்போது சார் தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டால், கலெக்டர் அலுவலகத்தில் எடுத்து வைக்க உங்களிடம் முப்பது நாற்பது படம் இருக்கும்.