கறிவேப்பிலையில் ஒட்டியிருப்பது குருவி எச்சமா, புழுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் செம்பனையும் பால்மரமும் எத்தனை ஏக்கர் நின்றாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு அங்கே சாப்பாடு இல்லை. அதன் புழு எலுமிச்சைக் குடும்பத்து இலைகளைத்தான் தின்னும். வாசல் கறிவேப்பிலையையும் தொட்டிக் கஸ்தூரி எலுமிச்சையையும் தேடி வருவது அதனால்தான். தாளிப்புக்கு முற்றிய இலையைப் பறியுங்கள்; முட்டை பெரும்பாலும் கொழுந்தில் இருக்கும். 1 மி.மீ. அளவில் வெளிர்மஞ்சள் மணி, மூன்று நான்கு நாளில் பொரியும்.

சின்னப் புழு கருப்பும் வெள்ளையுமாக எச்சம் போலவே இருக்கும். சந்தேகமாக இருந்தால் இலை நுனியால் மெல்லத் தொடுங்கள். புழுவானால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு நீட்டி நாற்றம் விடும். முடி இல்லை, அரிக்காது. நான்கு முறை தோலுரித்துக் கடைசியில் பச்சையாகும். அதற்குப்பின் தின்னும் வேகம் பயங்கரம். முழங்கால் உயரச் செடியில் மூன்றுக்கு மேல் இருந்தால் செடி மொட்டையாகும். செடி பெரிதென்றால் புழுவைத் தொடவே வேண்டாம்.

எடுத்து வளர்ப்பதானால் தீபாவளி முறுக்குப் போத்தல் போதும்: 20 செ.மீ. உயரம், வாய்க்கு வலைத்துணி, ரப்பர் வளையம். அடியில் காகிதம், தினமும் மாற்றவும். கழிவு தேங்கினால் பூஞ்சை பிடித்துப் புழு சாகும். கிளையைச் சின்னக் குப்பி நீரில் செருகி வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கும். புழுவை இலையோடு தூக்குங்கள். அசையாமல் ஒட்டிக்கிடப்பது தோலுரிக்கும் நேரம்; பிய்த்தால் செத்துவிடும்.

சந்தை இலை ஆகாது. நாற்றங்காலில் புதிதாக வாங்கிய செடியும் ஆபத்துதான்: வேர்வழி ஏறிய பூச்சிமருந்து கழுவினாலும் போகாது. கொசுப்புகை அடிக்க வரும் நாளில் போத்தலை வீட்டுக்குள் வைத்துச் சன்னலை மூடுங்கள். முசுறு எறும்பு ஏறாமலிருக்கப் போத்தலைச் சவர்க்காரத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை கொட்டாவிட்டால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவை வளர்க்கிறவர் நீங்கள்தான்.

ஒருநாள் புழு தண்ணீராகக் கழிந்து, இலையை விட்டு அங்குமிங்கும் அலையும். நோய் இல்லை, கூடுகட்டப் போகிறது. பென்சில் தடிமனில் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். கூட்டில் ஊசிமுனைத் துளை தெரிந்தால் குளவி உள்ளே குடும்பம் நடத்திவிட்டது. அதுவும் தோட்டத்துப் பிராணிதான், வெளியே விட்டுவிடுங்கள்.

பத்து நாள் சுமாருக்கு நிறம் கறுத்து, சிறகு தோலினூடே தெரியும். வெளியே வந்ததும் தொங்க இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும். இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டு, பிறகு இட்லிப்பூச் செடியில் வையுங்கள். மழையென்றால் மறுநாள் காலை விடலாம், ஒருநாள் பட்டினியை அது தாங்கும்.