தடித்த பழம்பாணி எழுத்தில் புள்ளிகள் பிழைக்க வேண்டும்

பேக்கரிப் பெட்டி, தேநீர்க்கடைப் பெயர்ப்பலகை, திருவிழாப் பதாகை ஆகியவற்றுக்குப் பழைய காலத்துத் தடித்த எழுத்து வேண்டும் என்று மட்டக்களப்பு அச்சகங்களில் கேட்பவர்கள் உண்டு. நல்ல ஆசைதான். ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் சிகாகோவில் வெளிவந்த 'கூப்பர் பிளாக்' எழுத்துருவைப் பாருங்கள். முனைகள் உருண்டிருக்கும், கோடுகள் கனத்திருக்கும். ஆனாலும் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடாது. அந்தக் கனத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் கெடுத்துவிடுகிறோம்.

பெருந்தவறு, மெல்லிய எழுத்துருவை எடுத்துக் கணினியின் 'போல்ட்' பொத்தானால் தடிக்கவைப்பது. மென்பொருளுக்கு எழுத்து தெரியாது. கோட்டைச் சுற்றிலும் மை பூசுவதுபோல் வீங்கவைக்கும். ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். புள்ளி கீழேயுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள். கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அது 'மடடககளபபு' என்றே தெரியும். ஊரின் பெயரையே இப்படிச் சிதைத்து மாட்டுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. தடிப்பாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். 'பலூ தம்பி' அப்படியொன்று; திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கில எழுத்தும் அதே கனத்தில் உண்டு. அச்சுக்கு அனுப்புமுன் வடிவமைப்பைத் திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். புள்ளி தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

பலகை அகலம் என்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பதும் கேடு. நிற்கும் கோடு பருக்கும், படுத்த கோடு அப்படியே இருக்கும். வரைந்தவர் வைத்த சமநிலை போய்விடும். இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் சேராத பழைய எழுத்துரு பாமினி; அதில் தட்டிய பழைய கோப்புகள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு நேரடியாக யூனிகோட் எழுத்துருவை மாற்றினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு புள்ளிகளையும் கொம்புகளையும் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல் நெருக்கவும் கூடாது. மேல்வரியில் 'ழு' இறங்கும், கீழ்வரியில் 'கீ' ஏறும். தடித்த எழுத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

பழமை வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் லை, னை போன்றவை தும்பிக்கை வளைவோடு அச்சாகின. பெரிய தலைப்பில் அந்த வடிவம் கொள்ளை அழகு. ஆனால் ஒரே பலகையில் 'லை' பழையதாகவும் 'னை' புதியதாகவும் கலந்து நிற்கக் கூடாது.

இந்தத் தடித்த எழுத்து தலைப்புக்கானது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். முகவரியும் தொலைபேசி எண்ணும் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். மரண அறிவித்தலுக்கும் 31ஆம் நாள் நினைவஞ்சலிக்கும் இந்த உருண்டை எழுத்து வேண்டவே வேண்டாம். அது கொண்டாட்டத்தின் முகம். துக்க வீட்டில் அதைப் பார்க்கும் உறவினர் மனம் நோகும்.