தூரைப் பிடுங்குமுன்: இராமநாதபுரம் கடலோர மணலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை கடலோர மணலில் புதிதாகத் தோப்பு போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே வேலைகளைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். குழி ஆழம் போதாதது, ஆடு கடித்துப்போட்டது எல்லாம் ஒரு பருவத்திலேயே தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வேர் விஷயத்தில் செய்யும் தவறு நிலத்தையே கொண்டுபோய்விடும்.

கோடையில் கருவையை மொத்தமாகத் தூரோடு பிடுங்குவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சீமைக்கருவை ஒழிய வேண்டிய மரம்தான். மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், அதனால் தூரை எடுத்தே ஆக வேண்டும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்ன பிறகு, ஜேசிபி வைத்து எடுப்பது ஊர் ஊருக்குப் பரவியது. தூர்க்கட்டையை மூட்டம் போட்ட கரிக்கு விலையும் கூடுதல். அதனால் வெட்டுக்கு எடுப்பவர் ஒன்று விடாமல் தோண்டுகிறார்.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல் மண். மழையில் வண்டி இறங்காது, பங்குனி சித்திரையில் காய்ந்த பிறகுதான் தோண்ட முடியும். அங்கே அது சரி. கரிசல் கட்டி கட்டியாகக் கிடக்கும், காற்று சுலபத்தில் தூக்காது. ஆனால் அதே ஆள், அதே வண்டியை அதே மாதத்தில் கடற்கரை மணலுக்கும் ஓட்டி வருகிறார். வைகாசி பிறந்தால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும். ஆடி முடியும்வரை ஓயாது.

ஏர்வாடிக்கு மேற்கே ஒரு தோட்டம். சவுதியிலிருந்து திரும்பியவர், சித்திரையில் நிலம் முழுவதையும் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுப் படம் அனுப்பினார். ஆனியில் போய்ப் பார்த்தேன். கன்றுகளில் காற்றுப் பக்கத்து இலைகள் மணல் அறைந்து கிழிந்திருந்தன, அடித்தண்டில் பட்டை உரிந்திருந்தது. சில கன்றுகளுக்கு வேர் மேலே தெரிந்தது. பக்கத்து நிலத்து அம்மா என்னைப் பார்த்ததும் தன் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "மரம் வைக்கிறோம்னு சொல்லி என் கெணத்தைத் தூத்துட்டாகளே தம்பி" என்றார். பாதிக் கிணறு மணல்.

மரத்தை நிறுத்துவது ஆணிவேர். மேல்மண்ணைப் பிடித்து வைப்பது சல்லிவேர். களிமண் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும், கடல் மணலுக்கு அந்தப் பசை கிடையாது. மேல் ஓரடியில் பின்னிக் கிடக்கும் நூல் நூலான வேர்கள், அவற்றோடு சேர்ந்து வளரும் பூஞ்சை இழைகள், மேலே மூடிக்கிடக்கும் சருகு, இவைதான் மணலை நிறுத்துகின்றன. வண்டி மூன்றையும் ஒரே நேரத்தில் கலைத்துவிடுகிறது. கருவை நிற்கும் இடத்தில் ஒரு பிடி அள்ளினால் மணல் வேரோடு சேர்ந்து தொங்கும். தோண்டிப்போட்ட இடத்தில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும்.

எப்படிச் செய்வது? ஐப்பசி மழை இறங்கி மணல் ஈரமான பிறகு தொடங்குங்கள். கரிசலில் புதைகிற மாதிரி மணலில் வண்டி புதையாது. காற்றுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக எடுங்கள், நடுவில் ஒரு பட்டை கருவையை விட்டுவிடுங்கள். எடுத்த பட்டையில் அந்த மழையிலேயே கொழிஞ்சிச் செடி விதைத்து, உடைமரமும் புன்னையும் நடுங்கள். அவை வேர் பிடித்த பிறகு அடுத்த வருஷம் மிச்சக் கருவையை எடுக்கலாம். அதுவரை நெற்று பழுத்து விழாதபடி கிளையைக் கழித்து வாருங்கள், இல்லாவிட்டால் ஆடு தின்று விதையைப் பரப்பிவிடும். ஒரு வருஷம் தள்ளிப்போகிறதே என்று வெட்டுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சவுக்கைக் கடல் விளிம்பு வரை நடுவது

முன்வரிசை மணல்மேடு அடம்பங்கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் உரிய இடம். இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விடும், மணல் மூடினால் அதற்கு மேலே ஏறி வளரும். சவுக்கு நிழல் விழுந்து சருகும் மூடினால் அவை மடிந்துவிடும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் சவுக்கு வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவும். அலை அடியில் அரித்தால் மரம் சாயும், வேர் பிடித்திருந்த மணலும் சேர்ந்து பெயர்ந்து போகும். மேட்டுக்குப் பின்னால், நிலப்பக்கமாக நடுங்கள்.

சவுக்குச் சருகைக் கூட்டி அள்ளுவது

வேண்டாம்.

பைக்குள் வேர் சுருண்ட கன்று

விலை குறைவென்றாலும் வாங்காதீர்கள்.

பனை முளைக்கவில்லை என்று மறுபடி உழுவது

மேட்டையும் கண்மாய்க் கரையையும் பிடித்து நிறுத்த பனையைப் போல இந்த மண்ணில் வேறு மரம் இல்லை. ஆணிவேர் கிடையாது, தூரைச் சுற்றிக் கயிறு கயிறாக இறங்கும் சல்லிவேர்தான் எல்லாம். ஆவணி, புரட்டாசியில் விதை ஊன்றினால் மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முதலில் கீழே இறங்கிக் கிழங்கு கட்டும், ஓலை அதற்கப்புறம்தான். பச்சை தெரியவில்லை என்று தை மாதம் உழுதுவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் வரப்போரம் ஒன்றை மட்டும் தோண்டிப் பாருங்கள். கிழங்கு இறங்கியிருந்தால் அந்த நிலத்தில் கலப்பை வைக்காதீர்கள்.