போர்பன் வாங்கும்போது லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள்

போர்பன் போன்ற அமெரிக்க விஸ்கி வாங்கப் போனால் பாட்டிலின் அழகையும் முன்பக்கக் கதையையும் விட்டுவிட்டு, 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்ற சொற்களைத் தேடுங்கள். 'எவன் வில்லியம்ஸ்' (Evan Williams) என்ற பிராண்டின் வெள்ளை லேபிள் போல, விலை குறைந்த பாட்டில்களிலேயே இது கிடைக்கிறது.

கலப்படத்தைத் தடுக்க 1897-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த சட்டத்தின் முத்திரை இது. ஒரே வடிசாலையில், ஒரே அரையாண்டுப் பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு ஊறி, சரியாக 50% ஆல்கஹாலில் அடைத்திருக்க வேண்டும். தண்ணீர் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. எந்த வடிசாலையில் வடித்தது என்பதும் லேபிளிலேயே இருக்கும். பல ஆடம்பர பாட்டில்கள் இதைச் சொல்வதே இல்லை!

காசுக் கணக்கும் உண்டு. 50% உள்ள 750 மில்லியைத் தண்ணீர் விட்டு 40%-க்கு இறக்கினால் ஏறக்குறைய 940 மில்லி வரும். ஐஸ் கரைந்தாலும் சுவை சட்டென்று நீர்த்துப் போகாது. ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயில் கலக்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஸ்காட்ச், ஜப்பானிய விஸ்கிகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. முத்திரை இல்லாததெல்லாம் மட்டம் என்றும் இல்லை: வைல்ட் டர்க்கி 101 என்ற போர்பன் நல்ல சரக்குதான், ஆனால் 50.5% என்பதால் இந்தக் கணக்கில் சேராது.