ஹால் சுவரில் லூவர் பேனலை நாமே பொருத்துவது எப்படி?

டி.வி.க்குப் பின்னால் உள்ள சுவரைச் செங்குத்து வரிகள் கொண்ட லூவர் பேனலால் அழகுபடுத்துவது நம் ஊர் வீடுகளில் இப்போது பரவலாகிவிட்டது. இதற்குக் கடைகளில் எம்.டி.எஃப்., டபிள்யூ.பி.சி. என இருவகைப் பலகைகள் கிடைக்கின்றன. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பார்க்கும் வீடுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்க்கும் டபிள்யூ.பி.சி. பலகையைக் கரையான் எளிதில் அண்டாது, எடையும் குறைவு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அமைப்பு இருப்பதால், ட்ரில் பிடிக்கத் தெரிந்த இருவர் சேர்ந்தால் ஆசாரி இல்லாமலே பத்தடிச் சுவரை முடித்துவிடலாம்.

பலகை வாங்குவதற்கு முன் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரை மறைப்பதற்காகவே பேனல் அடிப்பவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். மூடிய சுவருக்குக் காற்று கிடைக்காது. ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொரிந்து, ஸ்க்ரூ பிடித்திருக்கும் இடம் மாவாக உதிரும். பூஞ்சை வாடை அறை முழுவதும் பரவும். உப்புப் பூத்தும் பெயின்ட் உரிந்தும் உள்ள சுவரில் ஓதம் கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்படித் தெரியாவிட்டால், ஒன்றரை அடிச் சதுரமான கெட்டிப் பாலித்தீன் தாளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரோடு வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறை இருக்கிறதா, மேல்தளத்துக் குழாய் கசிகிறதா, வெளிச்சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தேடிச் சரிசெய்து, சுவர் முழுதாக உலர்ந்த பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்கள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை.

அடுத்தது அளவு. லூவர் பலகைகள் பெரும்பாலும் 2.9 மீட்டர் நீளத்தில், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை அடியில் வருகின்றன. உங்கள் அறையின் உயரம் பத்தடி என்றால் அரையடி குறையும்; அதைப் பலகையில் ஒட்டுப்போட்டு ஈடுகட்டாமல், கீழே தரையை ஒட்டி உயரமான ஸ்கர்ட்டிங் பட்டை கொடுத்தோ மேலே ஒரு பட்டை ஓட்டியோ வடிவமைப்பின் பகுதியாகவே மாற்றிவிடுவது நல்லது. அகலத்தைக் கணக்கிடும்போது ஒற்றைப் பலகையின் முழு அகலத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஏனெனில் ஒரு பக்க ஓரத்தில் நீண்டிருக்கும் மெல்லிய நாக்கு, அடுத்த பலகையின் ஓரத்திலுள்ள காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், மறைந்துவிடும். கடையிலேயே இரண்டு பலகைகளைக் கோத்துப் பார்த்து, ஒரு வரியிலிருந்து அடுத்த பலகையின் அதே வரி வரை அளந்தால் கிடைப்பதே உண்மையான மூடும் அகலம். அது ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பத்தடிச் சுவருக்கு 20 பலகைகள். வெட்டுச் சேதத்துக்கு இரண்டு கூடுதலாக வாங்க வேண்டும். எல்லாக் கட்டுகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்; நிறத்தில் உள்ள சிறு வேறுபாடு கடை வெளிச்சத்தில் தெரியாது, சுவரில் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும்.

வாங்கி வந்த பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். பொருத்தப்போகும் அறையிலேயே தரையில் படுக்கையாக அடுக்கி ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும்.

இந்த வேலையின் உயிர்நாடி முதல் பலகைதான். நம் வீட்டுச் சுவர் மூலைகள் பெரும்பாலும் துல்லியமான செங்குத்தில் இருப்பதில்லை. மூலையை நம்பி முதல் பலகையை ஒட்ட வைத்தால், அதன் சாய்வு அடுத்தடுத்த பலகைகளிலும் அப்படியே தொடரும். வரிகள் கொண்ட பேனல் என்பதால் அது கண்ணை உறுத்தும். ஆகவே இடது மூலையிலிருந்து ஒரு பலகையின் அகலம் தள்ளி, கூரையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நின்ற பிறகு மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் பென்சில் குறி வைத்து, அவற்றை இணைத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து மூலை வரை மூன்று இடங்களிலும் அளந்தால் மூலை எவ்வளவு கோணலாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பலகையைக் கோட்டுக்குத்தான் நேராக வைக்க வேண்டும்; மூலையில் விழும் ஆப்பு வடிவ இடைவெளியை எல் வடிவ மூலைப்பட்டி மறைத்துவிடும். கடைசிப் பலகை இரண்டு விரல் அகலத் துண்டாக முடியும் என்று கணக்கில் தெரிந்தால், முதல் பலகையையும் கொஞ்சம் குறைத்து, இரு ஓரங்களிலும் ஏறத்தாழ ஒரே அகலம் வருமாறு பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

துளை போடுவதற்கு முன் அந்த அறையின் மின் இணைப்பை, மெயின் பெட்டியில் அதற்கென உள்ள எம்.சி.பி. சுவிட்சில் அணைத்துவிடுங்கள். சுவருக்குள் ஒயர் குழாய் பொதுவாக சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயோ கீழேயோ செல்லும் என்பதால், அந்தப் பாதையில் ஒரு ஸ்க்ரூகூட இறங்கக் கூடாது. பெட்டிகளுக்கு இடையே கிடைமட்டமாகவும் குழாய் ஓடியிருக்கலாம். ஐயமிருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து உறுதிசெய்துகொள்வதே முறை. ட்ரில்லுக்கு மின்சாரம் வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி மூலம் வரட்டும்.

ஸ்க்ரூவின் நீளத்தைக் கண்மதிப்பில் தேர்ந்தெடுக்கக் கூடாது. செங்கல் சுவரின் உட்பூச்சு சுமார் 12 முதல் 15 மி.மீ. வரை கனம் இருக்கும். அது பிடிப்புத் தராது, பிடிப்பு செங்கல்லில்தான் இருக்கிறது. நாக்கின் கனம் 3 மி.மீ., பூச்சு 15 மி.மீ., செங்கல்லுக்குள் குறைந்தது 30 மி.மீ. என்று கூட்டிப் பார்த்தால் 50 மி.மீ. ஸ்க்ரூ சரியாக வரும். பலகையைக் கோட்டில் ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் 6 மி.மீ. பிட்டால், முதலில் ஹேமர் இயக்கம் இல்லாமல் நாக்கைத் துளைத்து, பிறகு ஹேமரைப் போட்டு 60 மி.மீ. ஆழத்துக்குச் சுவரைத் துளைக்க வேண்டும். ஆழம் தெரிவதற்குப் பிட்டின் மேல் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளலாம். தூசியை ஊதி வெளியேற்றி, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழலான ராவல் பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை தட்டி இறக்குங்கள். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் சுவரே கான்கிரீட்டாக இருக்கும். அங்கே சாதாரண ட்ரில் திணறும் என்பதால் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பது நல்லது.

ஒன்றரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ போதும். அதன் தலை நாக்கின் மட்டத்துக்குப் பதிய வேண்டும். துருத்தி நின்றால் அடுத்த பலகையின் காடி உட்காராது, மிகையாக முறுக்கினாலோ நாக்கு விரிந்துவிடும். பலகையின் முதுகில் கட்டுமானப் பசையைச் சிறு சிறு பொட்டுகளாக வைக்கலாம்; ஆனால் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பசையை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும், பெயின்ட் சுவரை விட்டு உரிந்து வந்துவிடும். பலகையின் மேலுள்ள பாதுகாப்புத் தாளை வேலை முடியும்வரை வைத்திருங்கள், ஆயினும் கோப்பதற்கு முன் இரு ஓரங்களிலும் ஓரங்குலம் உரித்துவிட வேண்டும். இல்லையெனில் தாள் இணைப்புக்குள் சிக்கி, பிறகு இழுத்தாலும் கிழிந்து நுனி நீட்டிக்கொண்டே நிற்கும். நான்கு பலகைகளுக்கு ஒருமுறை ரசமட்டத்தை நிமிர்த்தி வைத்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். வெயிலுக்குப் பலகை சற்று நீளும் என்பதால் மேலே 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதைப் பட்டியால் மறைக்க வேண்டும்.

வெட்டும் வேலையில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. கை ரம்பத்தால் வெட்டும்போது அழகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஜிக்‌ஷாவோ சர்க்குலர் ஷாவோ போன்ற மின்ரம்பத்தைப் பயன்படுத்தினால் அதன் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால் அழகுப் பக்கம் கீழே இருக்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் இதற்கு ஏற்றதல்ல, சூட்டில் ஓரம் உருகிவிடும். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் வெட்டாதீர்கள். சுவிட்ச் பெட்டிக்கான திறப்பை, முந்தைய பலகையின் ஓரத்திலிருந்தும் தரையிலிருந்தும் அளந்து குறித்து, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, பிறகு கோடுகளை வெட்டினால் மூலை பிளக்காது. பேனலின் கனத்துக்கு ஏற்ப சுவிட்ச் தட்டை முன்னே கொண்டுவரும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

முதல் பலகையின் மூலை ஓரத்துக்கும் கடைசிப் பலகைக்கும் நாக்கில் ஸ்க்ரூ போட முடியாது. அங்கே பசை வைத்து, மூலைப்பட்டி மறைக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஸ்க்ரூ கொடுங்கள்.

டி.வி.யின் பாரத்தைப் பேனல் மேல் ஏற்றக் கூடாது. பலகையின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் பிராக்கெட்டை முறுக்கும்போது நசுங்கிவிடும். டி.வி. வரும் நடுப்பகுதியை 18 மி.மீ. பிளைவுட்டில் தனியாக அமைத்து, அதன் மேல் லேமினேட் ஒட்டி, பிராக்கெட்டின் ஆங்கர் போல்ட் பிளைவுட்டைக் கடந்து சுவருக்குள்ளேயே இறங்குமாறு செய்து, இருபுறமும் லூவர் கொடுப்பதே என் விருப்பம். பார்வைக்கும் அது நிறைவாக இருக்கும். ஹாலிலேயே சுவாமி அலமாரி உள்ள வீடுகளில் விளக்கும் கற்பூரமும் பேனலுக்கு அருகில் வராதபடி இடத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கலந்த பலகை சூட்டில் இளகும், தீப்பட்டால் நச்சுப்புகை விடும். அதே காரணத்துக்காக அடுப்புக்குப் பின்சுவருக்கும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

பட்டிகளை ஒட்டி, ஓரங்களில் பேனலின் நிறத்துக்கு நெருங்கிய சிலிக்கானை மெல்லிய கோடாக விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். வரிகளுக்கிடையே சேரும் தூசிக்கு உலர்ந்த பிரஷ் போதும். தின்னர் பட்டால் மேற்படலம் கெட்டுவிடும். மிஞ்சிய பலகையைப் பரணில் படுக்கையாகப் போட்டு வையுங்கள். பின்னாளில் ஒரு பலகை உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.