பேரலல் போர்ட் கார்டு லினக்ஸில் வேலை செய்யாததற்கு முகவரியைப் பாருங்கள்

சுங்கை பூலோ பக்கம் மரச்சாமான் பட்டறைகளில் பழைய கணினியில் லினக்ஸ்சிஎன்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) போட்டு, பேரலல் போர்ட் கார்டு வழியாக மரம் செதுக்கும் ரௌட்டர் இயந்திரத்தை ஓட்டலாம் என்று இறங்குபவர்கள் முதலில் சந்தேகப்படுவது வயரிங்கை. கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் இருக்கும்.

கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யூஎஸ்பி–பேரலல் கேபிளை வாங்கிவிடாதீர்கள். அது பிரிண்டருக்கு. படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் கேட்கும் பல்ஸ் (மின் துடிப்பு) அதில் நேரத்துக்குப் போகாது. பிசிஐ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும்.

அடுத்து முகவரி, அதாவது மென்பொருள் போர்ட்டை அடையும் எண். ஹெக்ஸ் (பதினாறடி எண்) 378 என்பது மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டின் வழக்கமான முகவரி. அதை லினக்ஸ்சிஎன்சியின் ஹால் (வன்பொருள் இணைப்பு) கோப்பில் அப்படியே விட்டுவிட்டு, "கார்டு செத்துப்போச்சு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. செருகிய கார்டுக்கு முகவரி ஒதுக்குவது பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்). செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான விவரத்தோடு (lspci -v) ஓட்டினால், கார்டின் கீழ் ஐஓ போர்ட் வரிகள் தெரியும். பெரும்பாலும் 8 பைட் அளவுள்ள முதல் வரிதான் நமக்கு வேண்டியது. இரண்டாவது ஈசிபி (வேகமான பரிமாற்ற முறை) பதிவேடுகளுக்கு. தவறான வரியின் முகவரியை ஹால் கோப்பில் எழுதினாலும் பிழைச் செய்தி வராமல் போகலாம். போர்ட்டின் பின்களில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ புதிதாக இன்னொரு கார்டு சேர்த்தாலோ எண் மாறக்கூடும், மறுபடி பாருங்கள்.

அதிகம் குழப்புவது இனி வருவது. "பார்போர்ட்_பிசி மாட்யூலைத் தடைப்பட்டியலில் போடு" என்று யாரோ சொன்னதை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். அந்த மாட்யூல் பேரலல் போர்ட்டுக்கான லினக்ஸ் டிரைவர்; தடைப்பட்டியலில் போட்டால் அது தானாக ஏறாது. எந்த டிரைவரும் கார்டைத் தொடவில்லை என்றால், லினக்ஸ் அதை இயக்காமலே விட்டுவிடலாம். அப்போது எல்எஸ்பிசிஐ காட்டும் முகவரிக்குப் பக்கத்தில் 'டிஸேபிள்ட்' என்று நிற்கும். முகவரி சரி, கதவு பூட்டு. தடையை எடுத்து மாட்யூலை ஏற்றுங்கள். சீரியல் போர்ட்டும் சேர்ந்த கார்டு என்றால் பார்போர்ட்_சீரியல் தேவைப்படும். டிரைவருக்குத் தெரியாத கார்டை, சிஸ் (/sys) கோப்பகத்தில் அந்தக் கார்டுக்குரிய 'எனேபிள்' கோப்பில் 1 எழுதி இயக்கலாம். கணினி மறுபடி எழும்போது அது போய்விடும், ஆகவே தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் தொடக்கப் பாதுகாப்பு) இயங்கினால் லினக்ஸின் மையமான கர்னல் நேரடி ஐஓ அணுகலை மறுக்கக்கூடும். இந்த மாதிரி இயந்திரக் கணினியில் அதை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

இதெல்லாம் சரியாகியும் மோட்டார் துடித்துத் துடித்து நின்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பல பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் 3.3 வோல்ட்தான் தரும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் மோட்டார் டிரைவர் பெட்டிக்கு அது போதாமல் போகலாம். மோட்டார் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஹால் மூலம் 2ஆம் பின்னை உயர்த்தி, அதற்கும் 25ஆம் பின்னுக்கும் (தரை இணைப்பு) நடுவில் மீட்டர் வையுங்கள். குறைவாகக் காட்டினால், கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில், சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பஃபர் சிப் உள்ள பிரேக்அவுட் போர்டு (போர்ட்டுக்கும் டிரைவர் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் இணைப்புப் பலகை) கேட்டுப் பாருங்கள்.