பழைய பிக்கப்பில் டிரெய்லரா? ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள்

டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறத் தொடங்கும் முன்பே ஓவர்டிரைவை, அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கடைசி (நாலாவது) கியரை, அணைத்துவிடுங்கள். 1990களின் ஃபோர்டு எஃப்-150 போன்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் தண்டின் நுனியிலேயே அதற்குச் சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரியும். அணைக்காவிட்டால் அவ்வளவு சுமையோடு நாலாவது கியரில் இன்ஜின் திணறும், கியர் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறி விழும், இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும், அந்தச் சூட்டில் டிரான்ஸ்மிஷன் ஆயில் கெட்டு கடைசியில் கியர்பாக்ஸுக்கே பெரிய செலவு வைத்துவிடும். கலிஃபோர்னியாவில் ஐ-5 சாலையின் கிரேப்வைன் மாதிரி 6 சதவீத ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் சத்தமாகத்தான் சுற்றும், அது பரவாயில்லை. இறங்கும்போதும் அப்படியே விடுங்கள், பிரேக் சூடாவது குறையும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓவர்டிரைவ் திரும்ப வந்துவிடும், மறக்காமல் அழுத்துங்கள்.

சமதளத்தில், லேசான டிரெய்லரோடு, நாலாவது கியர் மாறாமல் நின்றால் அணைக்கத் தேவையில்லை, அணைத்தால் பெட்ரோல்தான் வீண். சுமை இழுப்பதற்கேற்ப கியரை மாற்றும் டோ/ஹால் பொத்தான் உள்ள புதிய வண்டியில் அதையே போடுங்கள். அப்புறம், அந்த ஓ/டி விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் அது கியர்பாக்ஸ் கோளாறு. மேற்கொண்டு இழுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.